மிகவும் அருந்துகிறோம்

வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். ஆள் என்னவோ சின்ன ஆள்தான். தங்கை பிறந்த அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அந்தத் தங்கை கிடுகிடுவென்று வளர்ந்து, எக்காமலே பரணிலிருந்து சாமான் எடுத்துக் கொடுக்கும் உயரத்துக்கு வந்த பிறகும் பெயர் மட்டும் மாறவில்லை. பரண் என்றால் சின்னவளைக் கூப்பிடுவார்கள், பொறுப்பு என்றால் பெரியவளைக் கூப்பிடுவார்கள். அப்பா லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறவள், கழுத்தில் டேப் இல்லாமல் அவளைப் பார்ப்பது அரிது. ஆக, கேஸ் தீர்ந்தாலும் குழாய் ஒழுகினாலும் "ஏ பெரியவளே" என்றுதான் குரல் வரும்.

படித்து முடித்ததும் அவளுக்கு ஒரு வேலை கிடைத்தது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் விற்கும் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவு. வாங்கினவர்கள் போனில் மெசேஜாகத் திட்டுவார்கள், இவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மெசேஜாகவே பதில் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், தான் உடைக்காத பொருளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பது அவள் வேலை.

இதில் பிடிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அவளுக்குப் பிடித்திருந்தது. கொதித்துக்கொண்டு வருகிற மனிதரை நாலு வரியில் ஆற வைத்து, கடைசியில் "சரிம்மா, மெக்கானிக்கை நாளைக்கே அனுப்பு" என்று சொல்ல வைப்பதில் அவளுக்கு ஒரு தனி சந்தோஷம். ஒரு தடவை வாஷிங் மெஷினை மாடியிலிருந்து உருட்டிவிடப் போவதாக மிரட்டிய ஒருவர், பேசி முடிக்கும்போது தன் மகள் கல்யாணத்துக்கு இவளை அழைத்துவிட்டார். ஆறு மாதம் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம். வீட்டில் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள், அவளும்தான்.

ஆபீஸ் என்றால் பெரிதாக எதுவும் கற்பனை செய்ய வேண்டாம். கீழ்த்தளத்தில் முதுகைக் கழற்றிப் போட்ட ஃப்ரிட்ஜ்கள் வரிசையாக நிற்கும். மாடியில் ஒரே நீளமான ஹால். ஜன்னலை மறைத்து ஏசி, ஏசியை மறைத்து ஒரு பெரிய டிவி. அந்த டிவியில் படம் ஓடாது, இவர்கள் மார்க்தான் ஓடும். யார் எத்தனை பதில் அனுப்பினார்கள், வாடிக்கையாளர் எத்தனை நட்சத்திரம் கொடுத்தார் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் பெயரும் எண்ணுமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். கடைசியில் இருக்கிற பெயருக்குப் பின்னால் மட்டும் சிவப்புப் பட்டை. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இருபதைத் தாண்டி இருபத்தைந்தைத் தொடாத பிள்ளைகள். அந்த வயதில் முதுகுக்குப் பின்னால் தன் பெயர் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தால் எவனுக்குத்தான் வேலை ஓடும்? டிவியை மாட்டினவர்களுக்கு இந்த யோசனை வரவில்லை.

பெரியவளுக்குக் கொடுத்த கீபோர்டில் ஒரு கோளாறு. அவளுக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவர் அதற்குக் காபி கொடுத்திருந்தார். அன்றிலிருந்து 'வி' என்ற ஆங்கில எழுத்து மட்டும் ஒரு மாதிரி. அவர்கள் ஆங்கில எழுத்தைத் தட்டினால் திரையில் தமிழ் விழும். 'வி'யை அழுத்திக் குத்தினால்தான் 'வ' வரும். மென்மையாகத் தொட்டால், அப்படி ஒரு எழுத்து உலகத்திலேயே இல்லாதது போலக் கீபோர்டு கம்மென்று இருந்துவிடும். "வணக்கம்" என்று அடித்தால் "அணக்கம்" என்று விழும். "வாங்க" என்றால் "ஆங்க". கம்ப்யூட்டர் பார்க்கிற அண்ணனிடம் சொன்னாள். "ஸ்டாக் இல்லம்மா, ரெக்வெஸ்ட் போட்டிருக்கு" என்றார். யார் எதைக் கேட்டாலும் அவர் சொல்வது அதுதான், அதனால் ஹாலில் அவருக்கு ரெக்வெஸ்ட் அண்ணன் என்றே பெயர்.

ஒரு அம்மாளின் ஃப்ரிட்ஜ் மறுபடியும் மறுபடியும் நின்றுபோய்க்கொண்டிருந்தது. பெரியவள் அக்கறையோடு ஒரு பதில் எழுதினாள். அவசரத்தில் ஒரே ஒரு 'வி' விழவில்லை.

"உங்கள் ஃப்ரிட்ஜ் மீண்டும் பழுதானதற்கு மிகவும் அருந்துகிறோம்."

வருந்துகிறோம் என்பது அருந்துகிறோம் ஆகிவிட்டது. அந்த அம்மாளிடமிருந்து உடனே பதில் வந்தது: "நல்லா அருந்துங்க. எங்க வீட்ல ஜில்லுனு ஒரு வாய் தண்ணிக்கே வழியில்ல."

பெரியவளுக்கு முகம் சிவந்து, பிறகு சிரிப்பும் வந்தது. பக்கத்து சீட்டுக்காரியிடம் காட்டினாள். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பின் வரிசையிலிருந்து மீசை எழுந்து வந்து எட்டிப் பார்த்தான். மீசை என்றால் அது முளைத்ததும் முளைக்காததுமாக இருக்கும் மீசை. இருந்தாலும் அதைத் தடவிக்கொண்டேதான் பேசுவான். ஹாலில் எல்லோரையும் சிரிக்க வைப்பவன். "இரு இரு, இதை ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றான். எடுத்துக்கொள்ளட்டும் என்று இவளும் விட்டுவிட்டாள். முதல் நாள் அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். இதுதான் பிற்பாடு அவள் வாயை அடைத்தது.

இவர்களுக்குப் போனில் இரண்டு குரூப். ஒன்றில் மேனேஜர் இருப்பார், அதில் காலை வணக்கமும் நன்றியும் தவிர வேறு எதுவும் இருக்காது. இன்னொன்றில் மேனேஜர் கிடையாது, இவர்கள் வேலையை மேற்பார்க்கும் லீடர் அக்கா வரைக்கும் உண்டு. அங்கேதான் உண்மையான பேச்சு. அன்று சாயங்காலம் அந்தக் குரூப்பில் ஒரு ஸ்டிக்கர் வந்து விழுந்தது. பெரியவளின் அடையாள அட்டைப் படம். திருதிருவென்று முழிக்கும் அந்த முகத்துக்குக் கீழே, ஸ்ட்ரா போட்ட ஒரு பெரிய கிளாஸை ஒட்டவைத்து, "மிகவும் அருந்துகிறோம்" என்று எழுதியிருந்தான் மீசை. சிரிப்பு முகங்கள் வரிசை கட்டி வந்தன. லீடர் அக்காவும் ஒன்று போட்டாள்.

மறுநாள் யாரோ லேட்டாக வருவதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டபோது அந்த ஸ்டிக்கர் வந்தது. அதற்கடுத்த நாள் பெரியவள் "குட் மார்னிங்" சொன்னதற்கு வந்தது. பிறகு அவள் எதைச் சொன்னாலும் வந்தது. அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக அரை நாள் லீவு கேட்டாள், அதற்கும் ஸ்ட்ராவோடு அவள் முகமே வந்து நின்றது. அவளை இப்போது யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "அருந்து, அந்த பைலை அனுப்பு." "அருந்து, உன் டர்ன்." நேரில் யாரும் கடுஞ்சொல் ஒன்று சொல்லவில்லை. பக்கத்து சீட்டுக்காரி மத்தியானம் தன் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்து, "ஏன் டல்லா இருக்கே?" என்று கன்னத்தைத் தொட்டுக் கேட்பாள். கேட்டுவிட்டு, மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு அதே ஸ்டிக்கருக்குச் சிரிப்பு முகம் போடுவாள். ஒரு நாள் அவள் திரையை மூட மறந்துவிட்டுப் போனபோது, மூன்றாவதாக ஒரு குரூப் இருப்பதைப் பெரியவள் பார்த்தாள். எல்லோரும் இருந்தார்கள், இவளைத் தவிர. அதற்குக் 'கிளாஸ் ரூம்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"நிறுத்துங்க" என்று ஒரு தடவை எழுதிப் பார்த்தாள். "ஏய், ஜோக்குப்பா! நீயும்தானே சிரிச்சே?" என்று மீசை எழுதினான். ஊரில் உள்ள அத்தனை பேரையும் சமாதானம் செய்கிற பெண்ணுக்குத் தனக்கென்று ஒரு வரி எழுத வரவில்லை.

ஆபீஸில் அவள் தண்ணீர் குடிப்பதை விட்டதும் இப்படித்தான். மேசையில் பாட்டிலைத் தூக்கி ஒரு வாய் குடித்தால் போதும், பின் வரிசையில் ஒரு இருமல், "சியர்ஸ்" என்று ஒரு முணுமுணுப்பு, உடனே ஏழெட்டு போன்கள் சேர்ந்தாற்போல் உறுமும். இரண்டு தடவை பொறுத்துப் பார்த்தாள். பிறகு பாட்டிலைப் பையிலிருந்து எடுப்பதையே விட்டுவிட்டாள். காலையில் வீட்டில் குடிப்பதோடு சரி, பிறகு சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான். தலை வலித்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒன்றுக்குப் போனால் நெருப்பாக எரிந்தது.

"என்னடி இது, பாட்டில் போன மாதிரியே திரும்பி வருது?" என்று அம்மா கேட்டாள்.

"ஆபீஸ்ல ஃபில்டர் தண்ணி இருக்கும்மா."

"அப்போ எதுக்குத் தினமும் சுமக்கறே?"

அம்மா டேப்பைக் கழுத்தில் சரி செய்துகொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். மறுநாளும் பாட்டிலை நிரப்பித்தான் அனுப்பினாள்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேலையில் வந்தது. 'வருந்துகிறோம்' என்ற வார்த்தை வந்தபோதெல்லாம், 'வி'யை இரண்டு முறை குத்தி, சரியாக விழுந்ததா என்று மூன்று முறை பார்த்து, அப்படியும் அனுப்பக் கை வராமல், கடைசியில் அந்த வார்த்தையையே விட்டுவிட்டுப் பதில் எழுதினாள். கம்பெனியில் ஒவ்வொரு பதிலையும் லீடர் அக்கா படித்து மார்க் போடுவாள். வருத்தம் தெரிவிக்காத பதிலுக்கு மார்க் கிடையாது, அது கம்பெனி விதி. பெரியவளின் பெயர் டிவியில் மெல்ல மெல்ல இறங்கி, சிவப்புப் பட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"கஸ்டமர்கிட்ட வருத்தம் தெரிவிக்கறதுல உனக்கு என்னம்மா கஷ்டம்?" என்று லீடர் அக்கா கூப்பிட்டுக் கேட்டாள். "நல்லாத்தானே எழுதிட்டிருந்தே? இப்படியே போனா உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எப்படி மேனேஜர்கிட்ட பேசறது?"

ஸ்டிக்கருக்குக் கீழே அவள் போட்ட சிரிப்பு முகம் பெரியவளின் கண்ணுக்குள்ளேயே நின்றது. "இனிமே பாத்துக்கறேன்க்கா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டில் சின்னவள்தான் கண்டுபிடித்தாள். அக்காவின் போன் மேசையில் கிடந்தபோது ஸ்டிக்கர் வந்து விழுந்தது, அவள் பார்த்துவிட்டாள். நோண்டி நோண்டிக் கேட்டதில் எல்லாமே வெளியே வந்தது, தண்ணீர் உட்பட. சின்னவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யார் அந்த மீசை? போட்டோ இருக்கா? குடு. நான் பண்றேன் பாரு அவனுக்கு."

"வேண்டாம்டி."

"நீ இப்படியே வேண்டாம் வேண்டாம்னு இரு, தாகத்துலயே சாவு."

பத்து நிமிஷத்தில் செய்துவிட்டாள். மீசையின் முகத்தை ஒரு பல் தேய்க்கிற பிரஷ் மேல் ஒட்டி, அவன் மீசையை பிரஷ்ஷின் முடியாக்கி, "தேய்ந்துவிட்டேன்" என்று எழுதியிருந்தாள். நிஜமாகவே நன்றாக இருந்தது. பெரியவள் தன்னை மறந்து சிரித்தும்விட்டாள். அந்த ஸ்டிக்கர் அவள் போனுக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் தயாராக இருந்தது. வேலையை விடுகிறேன் என்று அவள் மேனேஜருக்கு எழுதி வைத்து, அனுப்பாமல் விட்டிருந்த மெசேஜ். இரண்டில் ஒன்றை அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தினமும் ஆபீஸ் போனாள். எதையும் அனுப்பவில்லை. முதலாவதை அனுப்பினால் தானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. இரண்டாவதை அனுப்பினால் பிடித்த வேலை போய்விடும்.

சின்னவள் விடவில்லை. டாக்டரிடம் பெயர் கொடுத்து, சாயங்காலம் சீக்கிரம் வந்தே ஆக வேண்டும் என்றாள். அன்று மத்தியானம் பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு குரூப்பில் எழுதினாள்: "இன்னிக்கு டாக்டர்கிட்ட போகணும், அரை மணி முன்னாடி கிளம்பறேன்." எழுதிவிட்டு, விழப்போகிற அடிக்குத் தயாராக போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்டிக்கர் வரவில்லை.

ஒரு நிமிஷம் பார்த்தாள், ஐந்து நிமிஷம் பார்த்தாள். லீடர் அக்காவின் கட்டை விரல் ஒன்று வந்தது, அவ்வளவுதான். பாவம், டாக்டர் என்றதும் அவர்களுக்கே மனசு இளகிவிட்டது போல என்று நினைத்து, அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இளகவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஸ்டிக்கர் போயிருந்தது. இடம்தான் மாறிப் போயிருந்தது.

அந்த ஹாலில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும். ஒரே திரையில் நாலு வாடிக்கையாளர்களின் ஜன்னலையும் திறந்து வைத்திருப்பார்கள், குரூப்பையும் அதே திரையின் ஓரத்தில் திறந்து வைத்திருப்பார்கள். மீசை ஒரு ஜூஸ் கடைக்காரருக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவன், குரூப் என்று நினைத்து அவர் ஜன்னலிலேயே ஸ்டிக்கரைத் தட்டிவிட்டு, அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டான்.

ஜூஸ் கடை அதே தெருவின் கோடியில்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் மாடிப்படி அதிர்ந்தது. ஏப்ரன்கூடக் கழற்றாமல், கனத்த உடம்போடு ஒருவர் மூச்சிரைக்க ஹாலுக்குள் வந்து நின்றார். வாடிக்கையாளர் யாரும் மாடிக்கு வந்து அவர்கள் பார்த்ததே இல்லை. ஹால் மொத்தமும் எழுந்து நின்றது.

"எங்கே அந்தப் பொண்ணு?" என்றார் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "ரெண்டு நாளா ஃப்ரீஸர் ஓடாம பழமெல்லாம் அழுகிக் குப்பையில கொட்டிட்டிருக்கேன். எப்பய்யா வருவீங்கன்னு கேட்டா, ஒரு பொண்ணு ஸ்ட்ரா போட்டு உறிஞ்சற படத்தை அனுப்பறீங்க? மிகவும் அருந்துகிறோமா? யார் கடையில வந்து அருந்தறீங்க?" அதற்குள் அவர் கண் பெரியவள் மேல் விழுந்துவிட்டது. "இதோ இந்தப் பொண்ணுதான்!"

சத்தம் கேட்டு மேனேஜர் வெளியே வந்தார். வழுக்கைத் தலை, சதா எதையோ தேடுகிற பார்வை. வந்தவரைச் சமாதானம் சொல்லித் தன் அறைக்குள் அழைத்துக்கொண்டு போனார். பெரியவளும் லீடர் அக்காவும் பின்னால் போனார்கள். மீசை கதவோரத்தில் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை. இப்போது அவனுக்கும் விஷயம் புரிந்திருந்தது.

மேனேஜர் போனை வாங்கிப் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். "என்னம்மா இது?"

பெரியவளின் வாய் தானாகத் திறந்தது. பழக்கம். எவர் எதை உடைத்தாலும் அவள் மன்னிப்புக் கேட்பாள், அதற்குத்தானே சம்பளம். "மிகவும் வருந்துகிறோம் சார்" என்று சொன்னால் இந்த மனிதர் ஆறிவிடுவார், மீசை தப்பித்துவிடுவான், இவள் வேலை போகும். அவ்வளவுதான், எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. அந்த வறட்சியில் அவளுக்குத் திடீரென்று கோபம் வந்தது. தனக்குக் கோபம் வருமென்று அவளே மறந்து போயிருந்தாள்.

"இதை நான் அனுப்பல சார்" என்றாள். "என்னைக் கிண்டல் பண்றதுக்காகச் செஞ்ச படம் இது. ரெண்டு மாசமா தினமும் போட்டுட்டிருக்காங்க. என் கீபோர்டுல 'வி' வேலை செய்யாது. அதனால ஒரு தடவை தப்பா விழுந்துடுச்சு. அதுக்குத்தான். நான் இங்க தண்ணி குடிச்சாலும் சிரிக்கறாங்க சார். அதனால நான் இங்க தண்ணியே குடிக்கறதில்ல. இன்னிக்கு டாக்டர்கிட்ட போறதும் அதனாலதான்."

ஜூஸ் கடைக்காரர் தன் போனை மேசையிலிருந்து மெதுவாக எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"ஏம்மா, குடிக்கறதே இல்லையா?" என்றார், வேறு ஆளின் குரலில்.

"யார் அனுப்பினது?" என்று மேனேஜர் கேட்டார்.

பெரியவள் வாயைத் திறப்பதற்குள் கதவோரத்திலிருந்து, "நான்தான் சார்" என்று சத்தம் வந்தது. மீசை உள்ளே வந்தான். மீசையைத் தடவவில்லை. "நான்தான் செஞ்சேன். அவங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல சார். இவங்களுக்கு முன்னாடி மூணு மாசம் அந்த டிவியில சிவப்புல இருந்தது நான். எல்லாரும் என்னை ரெட் சிக்னல்னு கூப்பிடுவாங்க. நான் பஸ்ஸுல வந்தா, 'சிக்னல் வந்துடுச்சு, எல்லாரும் நில்லுங்க'ம்பாங்க. இவங்க அந்த மெசேஜை அனுப்பின அன்னிக்குத்தான் என்னை விட்டாங்க. நான் ஸ்டிக்கர் போட்டேன், எல்லாரும் சிரிச்சாங்க. நிறுத்தினா மறுபடி என்கிட்ட வந்துடுவாங்களோன்னு..."

மேனேஜர் லீடர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க அந்தக் குரூப்ல இருக்கீங்க இல்ல?"

"இருக்கேன் சார்." அவள் தரையைப் பார்த்தாள். "நானும் சிரிச்சேன். போன வருஷம் வரைக்கும் நானும் அவங்க வரிசையிலதான் உட்கார்ந்திருந்தேன். லீடரானதும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறான்னு சொல்லிடுவாங்களோன்னு பயம்." பிறகு பெரியவளிடம் திரும்பி, "நீ வருத்தம் எழுதலன்னு நானே மார்க்கை வெட்டினேன். ஏன் எழுதலன்னு யோசிக்கவே இல்ல. தப்பு என்மேலதான்" என்றாள். சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. லீடர் ஆனாலும் அவளும் சின்னப் பெண்தான்.

மேனேஜர் நல்லவரா கெட்டவரா என்றால், அன்றுவரை அவர் தன் அறையை விட்டு வெளியே வராதவர், அவ்வளவுதான். அன்று வந்தார். ஜூஸ் கடைக்காரரிடம் தானே மன்னிப்புக் கேட்டு, கீழேயிருந்து மெக்கானிக்கைக் கையோடு அனுப்பி வைத்தார். ஹாலில் போய் நின்று, அந்த மூன்றாவது குரூப் உட்பட எல்லாவற்றையும் தன் எதிரிலேயே கலைக்கச் சொன்னார். இனி ஒரு ஸ்டிக்கர் கண்ணில் பட்டால் போட்டவரும் சிரித்தவரும் சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம் என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னார். டிவியை அணைக்கவில்லை, அது மேலிடத்து ஏற்பாடு. ஆனால் சிவப்புப் பட்டையை எடுக்கச் சொன்னார். ரெக்வெஸ்ட் அண்ணன் ரிமோட்டில் என்னவோ அழுத்தினார், அது போயே போய்விட்டது. இத்தனை நாளும் அதற்கு ஒரு பட்டன்தான் தேவைப்பட்டிருக்கிறது!

"இந்தப் பொண்ணு கீபோர்டை ஏன் மாத்தல?" என்று அவரிடம் கேட்டார் மேனேஜர்.

"ரெக்வெஸ்ட் போட்டிருக்கு சார்."

"நாளைக்குக் காலையில இவ வரும்போது வேற கீபோர்டு இருக்கணும்."

பிறகு பெரியவளிடம், "நீ டாக்டர்கிட்ட கிளம்பும்மா. லீடர் அந்தப் பதில்களையெல்லாம் மறுபடி படிச்சுத் திருத்தி மார்க் போடுவாங்க. நிரந்தரம் பண்றதுல எனக்கு ஒரு தயக்கமும் இல்ல" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினாள். டாக்டர், பெரிதாக ஒன்றுமில்லை, மாத்திரையோடு நன்றாகத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும் என்றார். சின்னவள் அங்கேயே ஒரு பாட்டில் வாங்கி, பெரியவள் குடித்து முடிக்கும் வரை எதிரில் காவலுக்கு நின்றாள்.

மறுநாள் காலை ஹால் கப்சிப்பென்று இருந்தது. பெரியவளின் மேசையில் சுத்தமான வேறு கீபோர்டு. 'வி'யைத் தொட்டுப் பார்த்தாள். பூவைத் தொடுகிற மாதிரி தொட்டாலும் 'வ' விழுந்தது. அவளுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஆனாலும் பையிலிருந்து பாட்டிலை எடுக்கக் கை வரவில்லை. யாரும் சிரிக்க மாட்டார்கள் என்று புத்திக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை.

மீசை எல்லோரும் பார்க்க மன்னிப்பு எழுத வேண்டும் என்பது மேனேஜர் உத்தரவு. மேனேஜர் இருக்கிற குரூப்பிலேயே எழுத வேண்டும். அவன் வெகுநேரம் தலையைக் குனிந்துகொண்டு தட்டித் தட்டி அழித்துக்கொண்டிருந்தான். கடைசியில் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் உறுமின. பெரியவள் எடுத்துப் பார்த்தாள்.

"நான் செய்தது பெரிய தப்பு. உன்னிடமும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். நடந்ததற்கு மனதார அருந்துகிறேன்."

பக்கத்து சீட்டுக்காரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். பின் வரிசையில் மீசை திரையைப் பார்த்தபடி பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். "ஐயோ, நான் வேணும்னு பண்ணலை, சத்தியமா..." என்று எழுந்தான்.

விஷயம் இவ்வளவுதான். ஸ்டாக் இல்லை. மேனேஜர் காலையில் வேண்டும் என்கிறார். ரெக்வெஸ்ட் அண்ணன் யோசித்தார். மீசையின் கீபோர்டைப் பிடுங்கி இவளுக்கு வைத்துவிட்டு, இவளுடையதை அவனுக்கு வைத்துவிட்டார்.

எல்லோர் கண்ணும் பெரியவள் மேல் இருந்தது. அவள் போனில் அந்த பிரஷ் ஸ்டிக்கர் இருந்தது. தேய்ந்துவிட்டேன். இதைவிடப் பொருத்தமான நேரம் அதற்கு வாய்க்கப் போவதில்லை. அவள் விரல் அதன் மேல் ஒரு கணம் நின்றதும் உண்மை. அப்புறம் அவள் மீசையை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு மாதமாகக் கண்ணாடியில் தான் பார்த்துக்கொண்டிருந்த அதே முகம், அதே திருதிரு முழி.

பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கு வழியாக வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கண்ணில் நீர் வழிய நிமிர்ந்து, "அழுத்திக் குத்தணும்டா! 'வி'யை ரெண்டு தடவை குத்து, அப்பதான் விழும்" என்றாள்.

அதன் பிறகு ஹாலில் யாராலும் தாங்க முடியவில்லை. லீடர் அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மீசையும் அசடு வழியச் சிரித்து, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் மூடிக்கொண்டார்.

சிரித்துச் சிரித்துப் பெரியவளுக்குத் தொண்டை வறண்டு இருமல் வந்துவிட்டது. யோசிக்காமல் பைக்குள் கையை விட்டு பாட்டிலை எடுத்தாள், மூடியைத் திருகினாள், அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தாள். பாதி குடித்த பிறகுதான் தான் செய்வது அவளுக்கே உறைத்தது. பாட்டிலை வாயிலிருந்து எடுக்காமல் கடைக்கண்ணால் பின் வரிசையைப் பார்த்தாள். ஒரு இருமல் இல்லை. ஒரு போனும் உறுமவில்லை. அவரவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கத் திரும்பியிருந்தார்கள். மீதியையும் குடித்தாள்.

வேலையை விடுகிறேன் என்று எழுதி வைத்திருந்ததை அன்று மத்தியானம் அழித்தாள். பிரஷ் ஸ்டிக்கரை அழிக்கவில்லை. அவளும் மனுஷிதானே, சின்னவளும் கஷ்டப்பட்டுச் செய்திருக்கிறாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வைத்தாள். அம்மா வழக்கம்போல உள்ளே கையை விட்டுப் பாட்டிலைத் தூக்கினாள். கனமாக இருக்கும் என்று வேகமாகத் தூக்கியதில், அது தலைக்கு மேலே போய்விட்டது. தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. சின்னவளும் கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடி எங்கடி?" என்று கத்தினாள் அம்மா. "புதுப் பாட்டில்! மூடியைத் தொலைச்சுட்டு வந்து நிக்கறா பாரு!"

திட்டிக்கொண்டேதான் போனாள். ஆனால் சமையலறையில் பாட்டிலைக் கழுவும்போது, வெகுநாளைக்கப்புறம் அவள் பாடுகிற சத்தம் கேட்டது.